அலமாரியில் மிச்சம்

லவினியா இறந்துபோன கணவனின் வாய் திறக்காதபடி நாடிக்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, பாட்டு அச்சடிக்கும் கம்பெனிக்காரர் பிரூயிட் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். சின்சினாட்டி நகரமே முணுமுணுத்த பாட்டுகளின் சொந்தக்காரரான அந்தக் கணவர், ஆம்ப்ரோஸ் டட்டில், விடிகாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். இரண்டு நாற்காலிகளின் மேல் போட்ட பலகையில் கிடந்தார். துக்கம் விசாரிக்க பிரூயிட்டுக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது.

"கடைசியா ஏதாச்சும் எழுதினாராம்மா? 'கடைசிப் பாட்டு'ன்னு கறுப்புக் கட்டம் போட்டு விட்டா சனங்க அள்ளிக்கிட்டுப் போகும்."

பியானோவின் மேல் ஒரு தாள் இருந்தது. போன வாரம் லவினியா எழுதி முடித்தது. குடியால் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கி ஆறு வருஷம். அன்றிலிருந்து மெட்டும் வரியும் அவளுடையவை, பெயர் மட்டும் அவருடையது. இந்த ஒன்றாவது தன் பெயரில் வரவேண்டுமென்று ஆசைப்பட்டாள். பிணம் கிடக்கும் அறையில் இப்படி ஓர் ஆசை என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அது நான் எழுதினது, சார்."

"துக்கத்துல என்னமோ பேசுறா," என்றாள் ஆம்ப்ரோஸின் அக்கா கெசாயா, சவத்துணி தைத்தபடியே. "என் தம்பிதான் படுத்துக்கிட்டே எழுதினான். பாவம், கரண்டி பிடிக்கக்கூடக் கையில தெம்பில்ல, ஒரு வருஷமா சூப்பு நான்தான் ஊட்டினேன்..."

சொல்லிவிட்டு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லவினியா பேனாவை எடுத்து, தாளின் தலைப்பில் தன் பெயரை எழுதினாள். பிரூயிட் கோபப்படவில்லை.

"உங்க கைன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா. யாருக்கும் தெரியாத பேரைப் போட்டா யாரு வாங்குவா?"

கெசாயாவின் கத்தரிக்கோலை வாங்கி, பெயர் இருந்த ஓரத்தை மட்டும் நறுக்கி, மரியாதையாக லவினியாவிடமே நீட்டினார். பாட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவரு எழுதினது அலமாரியில இன்னும் இருக்கும்ல? மெதுவாத் தேடுங்க."

லவினியா அந்தத் துண்டை வாங்கி மடித்தாள். பாட்டு விற்ற காசில்லாமல் நாளை விடிந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இருக்கு," என்றாள்.

"எத்தனை இருக்கும்?"

"நான் சாகிறவரைக்கும் இருக்கும்."

பிரூயிட் தலையாட்டிவிட்டுப் புறப்பட்டார். வழி குறுகலாக இருந்தது. கெசாயா எழுந்து, பலகைக்கு வெளியே நீண்டிருந்த தம்பியின் கால்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அவருக்கு வழிவிட்டாள்.