கன்னத்துக்குள் காவல்

எண்பத்தாறாம் வருஷம், எந்நேரமும் புகையிலை அடக்கும் அய்யம்பெருமாளின் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றியது. அரியலூர் டாக்டர் அதில் ஒரு துணுக்கு வெட்டிச் சோதித்தார்.

"இன்னும் புற்றுநோய் ஆகலீங்க. அந்த எடத்துல சில செல்கள் கோணலா வளருது, உடம்போட காவல் செல்கள் அதைச் சுத்தி நிக்குது. புகையிலை பட்டுப் புண்ணாகிட்டே இருந்தா, அந்தக் காவலே கட்சி மாறிடும்" என்றார்.

அய்யம்பெருமாள் பொட்டலத்தை எறிந்துவிட்டு பஸ் ஏறினார். கவலையில் கன்னத்தைத் தட்டி, "வுட்றாதீங்கடா, புடிங்க!" என்று கத்திவிட்டார்.

திருடன் என்று நினைத்துக் கண்டக்டர் விசிலடிக்க, பஸ் நின்றது. "யாரைங்க புடிக்கணும்?"

அய்யம்பெருமாள் விவரம் சொல்லி வாயைத் திறந்து காட்டினார். எட்டிப் பார்த்த கண்டக்டர் தன் புகையிலையை வெளியே துப்பினார்.

"அண்ணே, எனக்கும் பாருங்க. ஆ..."

சில மாதங்களில் அய்யம்பெருமாளின் திட்டு மறைந்தது. கண்டக்டருக்கு இருந்தது வெறும் சொத்தைப் பல்தான்.