மெதெர்பெக் பொறியில் பேசிய குளிர்காலம்

டிசம்பரில் இறந்து, அடக்கமும் ஆகிவிட்ட மெதெர்பெக், ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து தன் மனைவி புருல்கானின் விரல் நுனியில் தெறிக்கும் பொறிகளில் பேசத் தொடங்கினான். ஒரு பொறிக்கு ஒரு வார்த்தை. மலைகளுக்கு நடுவே இருக்கும் நாரின் நகரில் அப்போது பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகை உறைகுளிர். காற்றில் மருந்துக்கும் ஈரமில்லை. ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன் பனி படிந்த சாரத்திலிருந்து வழுக்கி விழுந்திருந்தான். உடலோடு வந்த பையில் அவனுடைய நீல நைலான் ஜாக்கெட் இருந்தது. புருல்கான் அதைக் கம்பளிச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டாள், பிறகு கழற்றவில்லை. ஒரு காலை, வேலைக்குப் போகக் கதவின் பித்தளைப் பிடியைத் தொட்டபோது நீலப் பொறி ஒன்று தெறித்தது. "கேளு" என்றான் மெதெர்பெக். ஜலதோஷம் பிடித்த குரல். அவனுடையதுதான்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் இருந்தது. கடைசியாக அவன் போன் செய்தபோது, இந்த வருஷமும் பனிக்காலம் முடிந்துதான் வருவேன் என்றான். "அப்படின்னா வராமலே போ" என்றாள் இவள். "கேளு புருல், நான் என்ன சொல்றேன்னா" என்று அவன் ஆரம்பித்தபோது போனை அணைத்துவிட்டாள். மூன்றாம் நாள் அவன் விழுந்தான். மிச்சத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று அவள் நம்பினாள்.

அவளுக்குக் கலாசார மன்றத்தில் வேலை. வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி, எண் வில்லை கொடுக்க வேண்டும். நாள் முழுக்கக் கம்பளியும் ரோமமும் நைலானும் அவள் கையில் உரசின. வில்லை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொறி விழுந்தது. ஆனால் பொறி யாரைச் சுட்டதோ அவருக்குத்தான் வார்த்தை கேட்டது. ஆகவே ஊரே அவளிடம் வந்து சொல்ல வேண்டியிருந்தது. போக்குவரத்துக் காவலர் "ஜன்னல்" என்றார். தொப்பி விற்பவன் "ஊசி" என்றான். நாற்பதாம் நாள் ஓத வந்த முல்லா கையை உதறிக்கொண்டு, "'பால்'னுதான்மா கேட்டுச்சு, தப்பா நினைச்சுக்காதே" என்றார். மேல்மாடியில் குடியிருந்த ரொட்டிக்கடை ஜிபார் தன் வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்: "எம் புருஷன் உசிரோட உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறான். உன் ஆளு செத்தும் ஊரெல்லாம் வாயாடுறான் பாரு." புருல்கானும் சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். எல்லா வார்த்தைகளையும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிப் பார்த்தாள். சாவி, காலுறை, வெங்காயம், ஏணி. கோபம் என்ற சொல்லும் வரவில்லை, கோபமில்லை என்பதும் வரவில்லை.

பள்ளியில் பௌதிகம் நடத்தும் எசென்பெக் வாத்தியாருக்கு "மெதுவா" என்ற வார்த்தை விழுந்தது. அவர் அன்று மாலையே அவள் வீட்டுக்கு வந்தார். "உள்ள கம்பளி, வெளிய நைலான். ரெண்டும் உரசுது. கால்ல ரப்பர் பூட்ஸ், தரைக்குப் போக வழியில்ல. வெளிய காஞ்ச காத்து, வீட்டுக்குள்ள அதைவிடக் காஞ்ச காத்து. மின்சாரம் வேற எங்க போகும்? உம் மேலயே தேங்குது. பருத்தித் துணி கட்டு, வெந்நீர்க் குழாய் மேல ஈரத்துணி போடு, அடுப்புல தண்ணி கொதிக்கட்டும். ஆளைத் தொடுறதுக்கு முன்னாடி இரும்பைத் தொடு. ரெண்டே நாள்ல நின்னுரும்."

"நின்னுருமா?" என்றாள் அவள்.

வாத்தியார் எழுந்து தொப்பியை மாட்டினார். "குரல் எப்படி வருதுன்னு பாடத்துல இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புருல்கானுக்கும் மெதெர்பெக்குக்கும் ஆய்சிரெக் என்று நான்கு வயது மகள். ஜனவரியில் ஒருநாள் முத்தமிட்டபோது குழந்தையின் உதட்டிலேயே பொறி விழுந்தது. அவளுக்கு என்ன கேட்டதென்று எத்தனை கெஞ்சியும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தாய் கை நீட்டினால் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். பிறகு ஜிபார் வீட்டிலேயே தூங்கப் பழகினாள். புருல்கான் அவளுக்குச் சோறு வைத்துவிட்டு மூன்று அடி தள்ளி நிற்பாள். பின்னல் போடுவதும் ஜிபார்தான். பிப்ரவரி முழுவதும் அந்தப் பெண் தன் குழந்தையைத் தொடவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றவுமில்லை. ஊரில் யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

மார்ச் முதல் வாரம், ஒரு மதியம், ஆய்சிரெக்குக்குக் காய்ச்சல் ஏறியது. ஜிபார் அவளைப் போர்த்தித் தூக்கி வந்து தாயின் கட்டிலில் போட்டாள். "அம்மா அம்மான்னு அனத்துறா. எடுத்து மடியில போடு." புருல்கான் குனிந்தாள். குழந்தை கண்ணைத் திறந்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

"நீ வாம்மா" என்றது, கைக்குள்ளிருந்து. "அப்பா வேணாம். அப்பா சுடுறாரு."

புருல்கான் நிமிர்ந்தாள். சுவரோரம் போய் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழே இறக்கினாள். நைலான் கம்பளியை விட்டுப் பிரிந்தபோது அறை முழுக்கச் சடசடத்தது, அவள் கூந்தல் கூரையை நோக்கி எழுந்தது. அப்படியே வெந்நீர்க் குழாயை இரண்டு கையாலும் பற்றினாள். அறைகளைச் சூடாக்கும் அந்தக் குழாய் கட்டடத்தின் நாற்பது வீடுகளுக்கும் ஓடுகிறது. நாற்பது வீட்டிலும் மெதெர்பெக் பேசினான், ஒரே மூச்சில், முழு வாக்கியமாக. பற்றியிருந்த அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து மாடிகளிலும் கரண்டிச் சத்தம் நின்றது. யாரோ ஒரு ஆண் விம்முவது மேலிருந்து கேட்டது.

அறைக்குள்ளேயே நின்றிருந்த ஜிபாரின் முகம் நனைந்திருந்தது. "புருல், சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்கக்கா."

"நல்லதோ கெட்டதோ, உனக்குன்னு சொன்னதுடீ."

"சொன்னீங்கன்னா நாளைக்கும் அந்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்குவேன்."

பருத்திப் பாவாடை உடுத்தி, ஜன்னல்கள் வியர்க்கும்வரை கெண்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, கையைக் கழுவித் துடைக்காமல் மகளைத் தூக்கினாள். குழந்தை முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் சுடவில்லை என்றானதும் அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது. புருல்கான் அன்று அழுததுபோல அடக்கத்தின்போதுகூட அழவில்லை.

நாற்பது குடும்பங்களும் அந்த வாக்கியத்தை அவளிடமிருந்து காத்தன. குடிகாரன் ஒருவன் வாசலில் உளறப் போனபோது அவன் மனைவியே வாயைப் பொத்தி இழுத்துப் போனாள். சிலர் ஊர் மாறினார்கள், சிலர் இறந்தார்கள், ஜிபாரும் ஏழாம் வருஷம் போய்ச் சேர்ந்தாள். ஆய்சிரெக் உயரமாக வளர்ந்து ஓஷ் நகருக்குப் படிக்கப் போனாள். புருல்கான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காததன் வலி பழகியதே தவிரக் குறையவில்லை.

நாரினுக்கு ருஷ்யாவிலிருந்து இப்போதும் உடல்கள் வருகின்றன. குளிர்காலமானால் சில வீடுகளில் பொறி தெறிக்கிறது. யாரும் ஆச்சரியப்படுவதில்லை. புருல்கானுக்குத்தான் சொல்லியனுப்புகிறார்கள். அவள் போய், பொறி தெறிக்கிற அந்த வீட்டுப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, வெறும் கையை நீட்டுகிறாள். சுட்டதும், கேட்ட வார்த்தையை அப்படியே சொல்கிறாள், அடுத்ததற்குக் கையை மறுபடி நீட்டுகிறாள்.