கீழமுனைப்பட்டினத்து நல்ல தண்ணீர்

அன்று சென்னைக்கு வெளியே அயனம்பாக்கத்து வீட்டு வாசலில் இருந்தவர்கள்: கலியமூர்த்தி ஆகிய நான், என் மகன் இராமகிருஷ்ணன், மருமகள் வசந்தகுமாரி, எங்கள் ஊரான கீழமுனைப்பட்டினத்தில் தோணி ஓட்டிய கிழவன் நாகப்பன், பிறகு குடத்தோடு வந்த எல்லம்மா. வேறு யாரும் இல்லை.

எண்பத்தேழாம் வருடக் கோடை. கீழமுனைப்பட்டினத்துக் கோயில் தாம்பூலத் தட்டோடு எங்களை அழைக்க நாகப்பன் வந்திருந்தான். தேர்த் திருவிழாவில் முதல் மரியாதை தலைமுறைகளாக எங்கள் குடும்பத்துக்கு. ஏன் என்று மருமகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்கு ரயிலை விட்டு இறங்கினால் ஒரு பகல் முழுக்க மணலில் மாட்டுவண்டி. அதற்கப்பால் கடல்தான். கொழும்புத் தோணிகள் அங்கே ஒதுங்கியது சரக்குக்காக அல்ல. அந்தக் கரையில் உப்புக் கரிக்காத ஒரே கிணறு எங்களுடையது. கடன்காரனோ, கள்ளக்கடத்தல்காரனோ, எந்தச் சாதியோ, வந்தவன் குடித்து முடிக்கும்வரை பேரைக் கேட்கக் கூடாது. புயலில் எங்கள் பண்டகசாலை போய், துறை தூர்ந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

அப்போதுதான் எல்லம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சாரே, ஒரே ஒரு கொடம். லாரி வர்ல. ஊட்ல கொயந்த அய்துகினு கீது."

"நீ யாரு? எந்தத் தெரு? இன்னா ஆளுங்க?" என்றான் என் மகன்.

"இன்னாத்துக்கு சாரே? ஆளப் பாத்துத்தான் ஊறுதா உன் கெணறு?"

"ஒருத்திக்குக் குடுத்தா ஊரே கியூ கட்டும். ஏரில போய் மொண்டுக்கோ."

"ஏரில பசங்க கிரிக்கெட் ஆடுதுங்க, போய்ப் பாரு. நேத்து வந்து ஊடு கட்டிட்டு எனக்கே ஏரி காட்டுறே! உன் கெணத்துல கீறதும் எங்க ஏரித் தண்ணிதான்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். நான் எழுந்து வாளியை இறக்குவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். வசந்தகுமாரி பின்னால் ஓடினாள். "உங்க தண்ணி எனக்கு வாணாம்மா" என்ற குரல் மட்டும் கேட்டது.

நாகப்பன் தரையைப் பார்த்தபடி, "பட்டணத்துல வளந்த புள்ளைய்யா, விடுங்க" என்றான். எனக்கு முகம் எரிந்தது. ஊரில் எங்கள் கிணற்றில் குடித்தவன் எங்களைப் பொறுத்துக்கொள்ளும்படி ஆயிற்று.

"நூறு பேர் வந்தா இந்தக் கெணறு தாங்குமாப்பா?" என்றான் மகன்.

"தாங்காது. அங்கயும் தாங்கல. குடுத்தோம்."

அந்த வருடம் முதல் மரியாதை வேறு குடும்பத்துக்குப் போயிற்று. என் மகன் செய்ததைப் பார்த்து நாகப்பன் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான் என்று கீழமுனைப்பட்டினத்தில் பேசுகிறார்கள். தவறு. அவன் தட்டை நீட்டினான். வாங்க மறுத்தது நான்.