கவிழ்த்து வைத்த கிண்ணம்

வியட்நாமின் கான் தோ நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இலக்கியப் பாடம் என்றாலே அழுகைதான். பழைய பாட்டில் ஆறு, மழை, தனியே ஒரு பெண் என்று வந்துவிட்டால் போதும், ‘பிரிவுத் துயரம்’ என்று எழுது, மதிப்பெண்ணை வாங்கு. மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்தவன் எவனும் தோற்றதில்லை.

ஒன்பதாம் வகுப்பு தாவ் மட்டும் இந்த முறை, பாட்டில் வரும் பெண்ணைப் பற்றி, ‘இவள் சந்தோஷமாக இருக்கிறாள்’ என்று எழுதிக் கொடுத்துத் தொலைத்தாள். கொடுத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தோற்றால் சாயங்காலமெல்லாம் தனி வகுப்பு. படகுப் போட்டிக் குழுவில் அவள் இடம் போய்விடும். துடுப்புப் பிடிக்காமல் அதெல்லாம் ஒரு வாழ்க்கையா!

“மழை கொட்டுது, புருஷன் ஊர்ல இல்ல. இதுல சந்தோஷம் எங்கடி தெரிஞ்சுது உனக்கு?” என்று கேட்டார் லியூ டீச்சர்.

“துணி காயப்போட வேண்டாம்னு சந்தோஷம், டீச்சர்!” என்றான் பின்பெஞ்சு லாம். வகுப்பே சிரித்தது.

தாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “கடைசி வரியில ரெண்டு கிண்ணம் வைக்கிறா, டீச்சர். ஒண்ணைக் கவுத்து வைக்கிறா. செத்தவங்களுக்குப் படைக்கிறதுன்னா சோறு போட்டு நிமித்தித்தானே வைப்போம்? எங்கப்பா லாரி ஓட்டுறார். ‘இன்னிக்கு வர்றேன்’னு சொன்னாத்தான் அம்மா அவர் கிண்ணத்தையே வெளிய எடுப்பாங்க. தூசி விழாம கவுத்து வைப்பாங்க. அப்ப அவங்க மூஞ்சியைப் பாக்கணுமே! வாயில பாட்டு வேற.”

டீச்சர் அந்த வரியை மறுபடி படித்தார். முகம் மெல்லச் சிவந்தது.

“எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருந்து வர்ற அன்னிக்கு நானும் கவுத்துத்தான் வைக்கிறேன். வச்சுட்டு, இங்க வந்து உங்களை அழ வைக்கிறேன் பாரு!” என்று சிரித்தார். தாவுக்குப் பத்துக்கு எட்டு. “மத்தவங்க நாளைக்குப் புதுசா எழுதிட்டு வாங்க. சொந்தமா!”

“எல்லாம் உன்னாலதான்டி,” என்று பல்லைக் கடித்தான் லாம். தாவ் காதில் அது விழவேயில்லை. அவள் மனசு அப்போதே படகில் ஏறிவிட்டது.

மறுநாள் கட்டுரைகளைப் படித்த டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். வகுப்பு முழுக்க ஒரே ஆனந்தம். எல்லோர் வீட்டிலும் கிண்ணம் கவிழ்ந்திருந்தது.

“ஏண்டா லாம், உங்கப்பா பல் டாக்டர்தானே? எப்படா லாரி ஓட்ட ஆரம்பிச்சார்?”

“நேத்துலேர்ந்து, டீச்சர்.”

தாவ் வயிறு வலிக்கச் சிரித்தாள்.