நான் சாத்திய கேட்

காலை எட்டு மணிக்கு என் மகள் ரோனா என்னைத் தார்ச்சாலை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டாள். இறக்கிவிட்டுச் சும்மா போகவில்லை. காருக்குள்ளிருந்தே ஒப்பந்தத்தை இன்னொரு தடவை ஒப்பித்தாள்.

“அஞ்சு மணிக்குள்ள மலைக்கு அந்தப் பக்கம், ஹோட்டல் வாசல்ல நிக்கணும். நின்னுட்டா, இனிமே நீ தனியா எந்த மலைக்குப் போனாலும் நான் வாயே திறக்க மாட்டேன். நிக்கலைன்னா, தனியா நடக்கிறது இன்னையோட சரி. யாராவது துணைக்கு வரணும்.”

“எத்தனை தடவைடி சொல்லுவே?”

“இடுப்பு எலும்பை மாத்தி எட்டு மாசம்தான் ஆகுது. ஞாபகம் இருக்கட்டும்.”

“என் இடுப்புடி. எனக்கு ஞாபகம் இல்லாமப் போகுமா?”

அவள் மலையைச் சுற்றிக்கொண்டு ஐம்பது மைல் ஓட்ட வேண்டும். எனக்கு மலையைத் தாண்டிப் பன்னிரண்டு மைல். அறுபத்தெட்டு வயதுக்கு ஏழு மணி நேரம் போதும். மூன்று மணிக்கே போய் உட்கார்ந்து, அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முப்பத்தோரு வருஷம் இந்தப் பள்ளத்தாக்கில் தபால் வண்டி ஓட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பேச்சு. யாருக்கு முட்டி வலி, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் என் காதில்தான் கொட்டுவார்கள். அதனால்தான் தனியாக நடக்கப் பிடிக்கும். துணைக்கு வருகிறவர்கள் பேசுவார்கள். மூச்சு வாங்கும்போதுகூடப் பேசுவார்கள். இனிமேல் அப்படித்தான் நடக்க வேண்டும் என்றால் நான் வீட்டிலேயே கிடப்பேன். ரோனாவிடம் இதைச் சொன்னால் அழுவாள் என்று சொல்லவில்லை.

தூறல் விட்டிருந்தது. காற்று இருந்ததால் மலையில் மொய்த்துக் கடிக்கிற பொடிக்கொசுக்கள் இல்லை. மூன்றாவது மைலில் பளபளப்பான ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட இரண்டு வாலிபர்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள். “காலை வணக்கம், பாட்டி!” என்றான் ஒருத்தன். பாட்டியாமே! அப்போதே அவர்களைப் பிடிக்காமல் போயிற்று.

நாலாவது மைலில் கல்மதில் குறுக்கே வரும். மதிலில் ஓர் இரும்பு கேட். அது விரியத் திறந்து கிடந்தது.

கேட் விஷயத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரே சட்டம்தான்: திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. ஆட்டுக்காரன் காரணம் இல்லாமல் எதையும் செய்யமாட்டான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதைப் பலகையில் எழுதிப் பதினோரு இடத்தில் அறைந்ததே நான்தான். இந்த கேட்டிலும் ஒன்று தொங்குகிறது: ‘இருந்தபடியே விடவும்.’ என் கையெழுத்து, பச்சை வண்ணம்.

அந்தப் பலகையின் முன்னால் நின்றுகொண்டு அந்த ஆரஞ்சுப் பயல்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். “பாட்டின்னு கூப்பிடத் தெரியுது, கேட்டைச் சாத்தத் தெரியல.” மதிலோடு சேர்த்து நீலக் கயிற்றால் கட்டியிருந்த கேட்டை அவிழ்த்து, இழுத்துச் சாத்தி, அதே கயிற்றால் இரண்டு முடிச்சும் போட்டேன். ஊருக்கு நல்லது செய்த நிறைவோடு மேலே ஏறினேன்.

பதினொன்றேகாலுக்குக் கணவாய் உச்சி. பாறை மறைவில் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்தேன். முதல் வாய் வைத்ததும் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. நாய்க்குக் கொடுக்கிற சீழ்க்கை.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மலைச்சரிவில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஜூலை மாதம். கம்பளி கத்தரிக்கிற காலம். ஆட்டுக்காரன் டூகி தன் அறுநூறு ஆட்டையும் மலையிலிருந்து பட்டிக்கு இறக்குகிறான். அதற்கு மதிலில் ஒரே வழி, நான் சாத்திய கேட்.

ஊர் சுற்ற வந்தவன் கேட்டைத் திறந்து, மதிலோடு கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டா போவான்? இந்த யோசனை அப்போதுதான் வந்தது. கட்டி வைத்தது டூகி, மந்தைக்காக.

மூடிய கேட்டில் மந்தை வந்து முட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பின்னால் நாய், முன்னால் இரும்பு. பக்கத்தில் ஓடைப் பள்ளம். குட்டிகள்தான் முதலில் நசுங்கும், இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும். மலையில் போனுக்கு சிக்னல் கிடையாது.

பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். இப்படியே முன்னால் இறங்கினால் மூன்று மணிக்கு ஹோட்டல். சாத்தியதை எவன் பார்த்தான்? பழி அந்த ஆரஞ்சுச் சட்டைகள் மேல்தான் விழும். திரும்பிப் போனால் ஐந்து மணிக்கு வாய்ப்பே இல்லை.

ரொட்டியைப் பையில் திணித்துக்கொண்டு திரும்பி இறங்கினேன். எலும்பு வைத்தியர் வேகமாக இறங்காதே என்று சொல்லியிருந்தார். அவருக்கென்ன, அவரா கேட்டைச் சாத்தினார்?

நான் வந்து சேர்ந்தபோது முன்வரிசை ஆடுகள் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தன. இரண்டு முடிச்சு போட்ட என்னை நானே சபித்தேன். மழையில் நனைந்த நைலான் கயிறு, விரலுக்கு அசையவில்லை. ரொட்டி டப்பாவில் இருந்த சின்னக் கத்தியால் அறுத்து, கேட்டைத் தள்ளித் திறந்து, மதிலுக்குப் பின்னால் விழுந்து படுத்துக்கொண்டேன். ஆள் தலை தெரிந்தால் மந்தை மிரண்டு திரும்பிவிடும். கடைசி ஆடு போகிறவரை அசையக் கூடாது. ஈரப் புல்லில் ஒரு மணி நேரம் பிணம்போலக் கிடந்தேன்.

வால் பக்கம் டூகியும் அவன் நாயும் வந்தார்கள். நாய்தான் முதலில் என்னைக் கண்டுபிடித்தது.

“எல்ஸ்பெத்! நீங்களா?” டூகி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். “மேலேர்ந்து பைனாகுலர்ல பாத்தேன், கேட் சாத்திக் கிடக்குது. உசிரே போயிருச்சு. அப்புறம் யாரோ ஓடி வந்து திறக்கிறாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க! எந்த டவுன்காரப் பய சாத்தினானோ, கையில கிடைக்கட்டும்.”

“நான்தான்டா.”

“என்னது?”

“சாத்தினதே நான்தான்.”

அவன் என்னைப் பார்த்தான். பச்சை வண்ணப் பலகையைப் பார்த்தான். பிறகு மதிலில் கை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். நாய்கூட அவனைச் சந்தேகமாகப் பார்த்தது.

“போதும்டா. ஊருக்குள்ள சொன்னே, தொலைச்சிடுவேன்.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “வாங்க, கீழே வண்டி நிக்குது. உச்சி வரைக்கும் கொண்டுபோய் விடறேன்.”

வண்டியில் போனால் நேரத்துக்குச் சேர்ந்திருக்கலாம். ஆனால் நடப்பதுதானே ஒப்பந்தம். “ரோனா அந்தப் பக்கம் ஹோட்டல்ல காத்திருப்பா, நடந்தே போறேன். நீ உன் ஆட்டைப் பாருடா” என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறினேன்.

ஹோட்டல் வாசலை அடைந்தபோது ஐந்தே முக்கால். ரோனா குடை பிடித்துக்கொண்டு சாலையில் நின்றாள். திட்டப் போகிறாள் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவளோ ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

“டூகி ஹோட்டலுக்குப் போன் பண்ணினான்மா. கேட் சாத்திக் கிடந்துச்சாம், நீ திரும்பி ஓடி வந்து திறந்தியாம், அறுநூறு ஆடு பிழைச்சுதாம். லேட்டா வருவாங்க, பயப்படாதேன்னு சொன்னான். அந்த நேரமெல்லாம் கணக்குல வராது. நீ ஜெயிச்சுட்டே. அவ்வளவுதான்.”

பாவி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் சூப் குடித்திருந்தால் கதை முடிந்தது. மனசு வரவில்லை.

“ரோனா. கேட்டைச் சாத்தினதும் நான்தான்.”

“நீயா? கேட்டையா?”

“ஆமா. பலகை முன்னாடியே நின்னு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. “அப்ப உன் தப்பாலதான் லேட்டு.”

“என் தப்புதான். தோத்துட்டேன். சொன்ன சொல் சொல்தான். யாரைத் துணைக்கு அனுப்பறியோ அனுப்பு.” அழுகை வந்துவிடுமோ என்று குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன்.

ரோனா விரல்களை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். “ஆறு மைல் ஏறினே. ரெண்டு மைல் இறங்கினே. திரும்ப ரெண்டு ஏறி, ஆறு இறங்கினே. பதினாறு மைல்மா! இடுப்பு?”

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். கால் வலித்தது. தோள் வலித்தது. கயிற்றோடு மல்லுக்கட்டிய விரல் எரிந்தது. இடுப்பு ஞாபகமே வரவில்லை.

“வலிக்கலடி.”

அவள் குனிந்து என் மற்றொரு பூட்ஸை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“அடுத்த மாசமும் தனியாவே போ” என்றாள். “ஆனா கேட்டைத் தொடாதே.”