வரி தீரும்வரை மருமகள்

கேட்டைத் திறக்க வந்த ஷாமளாவின் கை பூட்டிலேயே நின்றுவிட்டது. வெளியே, தாம்பாளத்தில் குங்குமமும் மல்லிகைச் சரமும் ஏந்தியபடி மாமியார் அங்கம்மா நின்றிருந்தாள். ஷாமளா தன் கணவன் ரூபேந்திரனைப் பிரிந்த நாள்முதல், உலு திராம் ஊர்க் கோயிலில் அவளைக் கண்டாலே வேறு வரிசைக்கு மாறிக்கொண்ட அதே அங்கம்மா.

"நல்லா இருக்கியா, மருமகளே?"

"லாயர் பேசினாரா, அத்தை?"

அங்கம்மா தாம்பாளத்தைச் சற்றே தாழ்த்தினாள். லாயர் பேசியிருந்தார். அந்த வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. எல்லை தாண்டிப் போய்வந்து தன் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் சேர்த்ததைக் கொடுத்து ரூபேந்திரனின் பாதியை ஷாமளா வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அண்மையில் வாங்கிய வீடு என்பதால், விவாகரத்துக்குப் பிறகு கைமாறினால் தன் பங்கின் லாபத்துக்கு ரூபேந்திரன் வரி கட்டவேண்டும். அவள் மனைவியாக இருக்கும்போதே மாற்றி எழுதிவிட்டால் அந்த வரி இல்லை. ஆயின் அடுத்த வாரமே தீர்ப்பு. அதைத் தள்ளிவைக்க ஷாமளாவின் ஒப்புதல் வேண்டும்.

"ஒரு மாசம் பொறுத்துக்கோ லா. அதுவரைக்கும் நீ எங்க வீட்டு மகாலட்சுமிதானே."

"போன மாசம் மூதேவின்னு சொன்னீங்க."

"அது வரி தெரியாம சொன்னது."

மாமியார் உண்மை பேசிக் கேட்டறியாத ஷாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாத்தனார் லோஷினியின் வளைகாப்புக்குத் தனக்கு மட்டும் அழைப்பு வராத வலி அந்தச் சிரிப்பில் கரையவில்லை. பிரிந்து வாழ்பவள் வளையல் பூட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு ஆகாதாம்.

"தள்ளிவைக்கிறேன், அத்தை. ஆனா ஞாயித்துக்கிழமை லோஷினிக்கு மொத வளையல் நான்தான் போடுவேன்."

அங்கம்மாவின் முகத்தில் பேரப்பிள்ளையின் நலனும் மகனின் வரியும் மல்லுக்கட்டின. வரி வென்றது.

ஞாயிறன்று மண்டபத்தில் பெண்கள் முணுமுணுத்தனர். அங்கம்மா நாற்காலி வரிசைகளுக்கிடையே புகுந்து புகுந்து விளக்கமளித்தாள்: "சட்டப்படி இன்னும் சுமங்கலிதான். லாயரே சொல்லிட்டாரு."

ஷாமளா பச்சைக் கண்ணாடி வளையலை லோஷினியின் கையில் பூட்டினாள். லோஷினி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணியின் விரல்களை விடாமல் பற்றிக்கொண்டு, மண்டபமே கேட்கும்படி, வெகு அப்பாவியாகக் கேட்டாள்:

"அம்மா, வீடு அண்ணி பேருக்கு மாறினதும் இத கழட்டிடணுமா, இல்ல பிள்ள பொறக்குற வரைக்கும் லாயர் விடுவாரா?"

முணுமுணுப்பு நின்றது. அங்கம்மா கைப்பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்து, லாயரின் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.