கம்பியால் கட்டிய குழாய்

வெளிச்சம் வருமுன் முழங்கால் தண்ணீரில் நின்று மெக்கானிக் படகின் என்ஜின் மூடியைக் கழற்றினான். தொட்டியிலிருந்து பெட்ரோல் வரும் குழாய் காய்ந்த குச்சியாக விறைத்திருந்தது. வளைத்ததும் வெடிப்பில் பெட்ரோல் கசிந்து விரலிடுக்கை நனைத்தது.

அது பெட்ரோல் குழாயே இல்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய். முதலாளி வாங்கிப் போட்டது. முனையை இறுக்கக் கிளிப் கேட்டபோது, "கம்பியால முறுக்கிக் கட்டுடா, போதும்" என்றார். கட்டியவன் இவன்தான். கம்பி குழாயை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது.

முந்தாநாள் இப்படியொரு குழாய் கசிந்துதான் கடலில் முதலாளியின் இன்னொரு படகு பற்றியது. ஓட்டிப்போன தங்கை புருஷன் இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

தங்கை கரைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு. மத்த படகுலயும் அதே குழாய்தானா?"

"ஆமா. நான்தான் கட்டினேன்."

"அப்ப நீயே அவுத்துடு."

அதற்குள் மற்ற படகோட்டிகள் கூடியிருந்தார்கள்; முதலாளியும் வந்துவிட்டார். "என்னய்யா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? எறக்குங்க படகை!"

"குழாய் மாத்தணும் முதலாளி. பெட்ரோல் குழாய். ரெண்டு முனைக்கும் கிளிப்."

"அவன் பீடியப் பத்தவச்சான், எரிஞ்சான். அதுக்கு நானா பொறுப்பு?"

படகோட்டி நெட்டை குறுக்கே வந்தான். "அவன் பீடியத் தொட்டதே இல்ல. நான் குடிச்சாலே கரிச்சுக் கொட்டுவான்."

"டேப்பைச் சுத்து" என்றார் முதலாளி மெக்கானிக்கிடம். "முடியலன்னா கெளம்பு, வேற ஆளா இல்ல?"

இத்தனை வருஷமாக 'சரிங்க' என்று சொன்ன நாக்கு இன்று எழவில்லை. மெக்கானிக் கத்தியை எடுத்து குழாயை வெட்டி, முதலாளியின் காலடியில் போட்டான்.

"டேய், அது என் பொருள்!"

"அதான் உங்ககிட்டயே குடுத்துட்டேன்."

முதலாளி திரும்பினார். "நெட்டை, நீ எடு உன் படகை. இன்னிக்கு உனக்கு ரெட்டைக் கூலி."

நெட்டை தன் படகுக்கு நடந்தான். அவன் வீட்டு அடுப்பு எரிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, எல்லோருக்கும் தெரியும். என்ஜின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த நெட்டையின் கையில் குழாய் பாம்பாகத் தொங்கியது. முதல் குழாயின் மேல் போட்டான்.

பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூடிகள் வரிசையாகத் திறந்தன. முதலாளியின் செருப்பு குவியலில் மறையும்வரை குழாய்கள் விழுந்தன.

"வயிறு காஞ்சா தானா வந்து கால்ல விழுவீங்க!" காறித் துப்பிவிட்டு அவர் போனார். நல்ல குழாயோடு வருவாரா, புது ஆட்களோடு வருவாரா, யாருக்கும் தெரியாது.

"நிக்காதீங்கய்யா, மேல ஏத்துங்க" என்றான் நெட்டை. எல்லோரும் தோள்கொடுத்துப் படகுகளை மணலுக்குத் தள்ளினார்கள். தங்கையும் சேலையைச் செருகிக்கொண்டு முதுகு கொடுத்தாள்.

பிறகு குவியலிலிருந்து கம்பி பதிந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா அது?" என்றான் மெக்கானிக்.

"ஆஸ்பத்திரில அவரு கேட்டாருல்ல. எல்லாப் படகுலயும் அவுத்தாச்சுன்னு காட்டணும்."